டெக்சாஸில் எங்கே ஜனம் கூடுகிறது, எங்கே குறைகிறது: 254 கவுண்டிகளின் கணக்கு

கேள்வி இது: "டெக்சாஸில் மக்கள்தொகை தாறுமாறாக ஏறுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் டாலஸிலிருந்து அமரில்லோவுக்குக் காரில் போனபோது வழியெல்லாம் கடைகள் மூடிக் கிடந்தன, சில ஊர்களில் ஆள் நடமாட்டமே இல்லை. வளர்ச்சி நிஜம்தானா? நிஜமென்றால் எந்தக் கவுண்டிகளில், எந்த மெட்ரோக்களில், ஏன்?"

நீங்கள் பார்த்ததும் நிஜம், அவர்கள் சொல்வதும் நிஜம். 2010 சென்சஸில் டெக்சாஸின் மக்கள்தொகை 2 கோடியே 51 லட்சம். 2020-ல் 2 கோடியே 91 லட்சம். கூடியது 39,99,944 பேர். இன்னும் 56 பேர் இருந்திருந்தால் சரியாக நாற்பது லட்சம். எண்ணிக்கையில் அமெரிக்காவின் வேறெந்த மாநிலமும் அந்தப் பத்தாண்டில் இவ்வளவு கூடவில்லை. நாடு 7.4 சதவீதம் வளர்ந்தபோது டெக்சாஸ் 15.9 சதவீதம் வளர்ந்தது. அதனால் நாடாளுமன்றக் கீழவையில் இரண்டு இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன.

அதே சென்சஸில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. மாநிலத்தில் மொத்தம் 254 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்). அவற்றில் 143 கவுண்டிகளில் பத்தாண்டு முடிவில் மக்கள் குறைந்திருந்தார்கள். அதாவது, கவுண்டிகளை எண்ணினால் பாதிக்கு மேல் தேய்கின்றன. ஆட்களை எண்ணினால் மாநிலம் பொங்கி வழிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் டெக்சாஸ் புரியாது.

டாலஸ்-ஃபோர்ட் வொர்த், ஹூஸ்டன், சான் அன்டோனியோ, ஆஸ்டின் ஆகிய நான்கு மெட்ரோக்களின் எண்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். 2010-ல் 1 கோடியே 61 லட்சம், 2020-ல் 1 கோடியே 96 லட்சம். மாநிலம் முழுக்கக் கூடிய நாற்பது லட்சத்தில் சுமார் 34.5 லட்சம் இந்த நான்கில்தான், அதாவது 86 சதவீதம். மற்ற மெட்ரோக்கள், சிறு நகரங்கள், கிராமங்கள் எல்லாமாகச் சேர்ந்து மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டன. I-35, I-45, I-10 என்ற மூன்று நெடுஞ்சாலைகள் இந்த நான்கு நகரங்களையும் இணைத்து வரைபடத்தில் ஒரு முக்கோணம் போடும். நீங்கள் வடமேற்கே அமரில்லோவுக்குப் போன சாலை அந்த முக்கோணத்துக்கு வெளியே போகிற சாலை.

ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மெட்ரோ என்பது நகரம் அல்ல. மைய நகரத்தோடு வேலைப் போக்குவரத்தால் கட்டுண்ட முழு முழுக் கவுண்டிகளின் தொகுப்பு. டாலஸ் மெட்ரோவில் 11 கவுண்டிகள், ஆஸ்டின் மெட்ரோவில் 5. டாலஸ் நகரத்தில் 13 லட்சம் பேர்தான், ஆனால் டாலஸ்-ஃபோர்ட் வொர்த் மெட்ரோவில் 2020-லேயே 76 லட்சம். 2023-ல் 81 லட்சத்தைத் தொட்டுவிட்டது.

இப்போது கவுண்டி கணக்குக்கு வருவோம். "வேகமாக வளரும் கவுண்டி எது?" என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும், இரண்டும் சரியாகவே இருக்கும். எண்ணிக்கையில் பார்த்தால் ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டி: பத்தாண்டில் 6,38,686 பேர் கூடினார்கள். சதவீதம் 15.6, கிட்டத்தட்ட மாநில சராசரி. சதவீதத்தில் பார்த்தால் ஆஸ்டினுக்குத் தெற்கே இருக்கிற ஹேஸ் கவுண்டி: 1,57,107-லிருந்து 2,41,067. கூடியது 84 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனால் 53 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உள்ள கவுண்டிகளில் நாட்டிலேயே அதுதான் முதலிடம். ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் சதவீதம்தான் வரும், ஏனென்றால் சின்ன இடத்தின் சதவீதம் எப்போதுமே பெரிதாகத் தெரியும். அரசு பட்ஜெட் போடுகிறவர்களுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். யார் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

வளர்ச்சி ஓர் இடத்தில் நிற்பதில்லை, அது வளையமாக வெளியே நகர்கிறது. டெக்சாஸைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். இதை மிகத் தெளிவாகக் காட்டுவது டாலஸுக்கு வடக்கே இருக்கிற காலின் கவுண்டி. பிளேனோ, மெக்கின்னி, ஃபிரிஸ்கோவின் பெரும்பகுதி, ஆலன் எல்லாம் இதில்தான். 1970-ல் அங்கே 67 ஆயிரம் பேர். 1980-ல் 1.45 லட்சம், 1990-ல் 2.64 லட்சம், 2000-ல் 4.92 லட்சம், 2010-ல் 7.82 லட்சம், 2020-ல் 10.64 லட்சம். ஐம்பதே ஆண்டுகளில் மாட்டுப் பண்ணைகள் பத்து லட்சம் பேர் வாழும் இடமாயின. ஃபிரிஸ்கோவை மட்டும் எடுத்தால் இன்னும் வியப்பு: 1990-ல் 6,141 பேர், 2020-ல் 2,00,509 பேர்.

ஆனால் அந்த வரிசையில் சதவீதத்தைக் கவனியுங்கள். எழுபதுகளில் 116, தொண்ணூறுகளில் 86, அடுத்த பத்தாண்டில் 59, அதற்கடுத்து 36. ஆட்கள் வருவது நிற்கவில்லை, கடைசிப் பத்தாண்டிலும் 2.8 லட்சம் பேர் கூடினார்கள். ஆனால் தெற்குக் காலின் நிரம்பிவிட்டது. பிளேனோவில் புது லே-அவுட் போட நிலம் இல்லை. அதனால் அலை கவுண்டிக்குள்ளேயே வடக்கேயும் கிழக்கேயும் நகர்ந்து பிராஸ்பர், செலினா, பிரின்ஸ்டன் பக்கம் போய்விட்டது. செலினா 2023-ல் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரம். 2024-ல் அந்த இடம் பிரின்ஸ்டனுக்கு. ஒரே ஆண்டில் 30.6 சதவீதம். 2010-ல் 6,807 பேர் இருந்த ஊரில் 37 ஆயிரம் பேர். தண்ணீர், சாக்கடை, சாலை, போலீஸ் எதுவும் ஈடுகொடுக்க முடியாமல், 2024 செப்டம்பரில் புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு அனுமதி தருவதை நகர மன்றமே நிறுத்தி வைத்தது. அந்த ஊர் வழியாகப் போகிற 380 நெடுஞ்சாலையில் மாலை ஐந்தரைக்கு மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த முடிவின் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வளையத்தின் உள்விளிம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2024 ஜூனில் பிளேனோ பள்ளி மாவட்டம் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. நல்ல பள்ளி என்பதற்காகவே நம்மவர்கள் வீடு வாங்கிய இடம் அது. பிளேனோவில் ஜனம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. குறைந்தது பிள்ளைகள். 1990-களில் இளம் தம்பதிகளாக வந்தவர்களுக்கு இப்போது அறுபது வயது. பிள்ளைகள் கல்லூரி முடித்து எங்கோ போய்விட்டார்கள், இவர்கள் அதே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டு விலையோ புதிதாகக் கல்யாணமானவர்களால் தொட முடியாத உயரத்தில். அதனால் கைக்குழந்தை உள்ள குடும்பம் செலினாவுக்கோ, கிழக்கே ஃபோர்னிக்கோ போகிறது. ஒரு பக்கம் பள்ளி மூடுகிறார்கள், நாற்பது நிமிடத் தொலைவில் பிளாஸ்டிக் வாசனை போகாத புதுக் கட்டடத்தில் பள்ளி திறக்கிறார்கள். மொத்த மக்கள்தொகை எண்ணை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. வயதுவாரியான எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஃபோர்னி இருப்பது காஃப்மன் கவுண்டியில், டாலஸுக்குக் கிழக்கே. 2010-ல் 1.03 லட்சம், 2020-ல் 1.45 லட்சம், 2023-ல் 1.86 லட்சம் என்று மதிப்பீடு. மூன்றே ஆண்டில் நாற்பதாயிரம் பேர்! 2023-ன் மதிப்பீட்டில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த கவுண்டி இதுதான், 7.6 சதவீதம். இரண்டாவது இடமும் அதன் பக்கத்தில் இருக்கிற ராக்வாலுக்கு. காஃப்மனில் கப்பலோ எண்ணெயோ ஒன்றும் இல்லை. டாலஸுக்கு வேலைக்குப் போய் வரும் தூரத்தில் மலிவான சமதள நிலம் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, டெக்சாஸில் ஏன் இவ்வளவு வேகம்? மாநில வருமான வரி இல்லை, வேலை இருக்கிறது, கலிஃபோர்னியாவை விட வீடு மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். தவறில்லை. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கலிஃபோர்னியாவிலிருந்து பிளேனோவுக்கு மாற்றுவதாக 2014-ல் அறிவித்தது, 2017-ல் திறந்தது. ஆஸ்டின் பக்கம் டெஸ்லா 2022-ல் தொழிற்சாலை திறந்தது. சாம்சங் வில்லியம்சன் கவுண்டியின் டெய்லரில் சிப் தொழிற்சாலை கட்ட 2021-ல் முடிவெடுத்தது. டாலஸுக்கு வடக்கே கிரேசன் கவுண்டியின் ஷெர்மனில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2022-ல் சிப் தொழிற்சாலை கட்டத் தொடங்கியது. ஆனால் வேலை வந்தால் மட்டும் ஜனம் வந்துவிடாது. வந்தவர்கள் தங்குவதற்கு வீடு எழும்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் வேலை இருந்தது, வீடு எழும்பவில்லை. டெக்சாஸில் எழும்புகிறது. அதற்குக் காரணம் ஒரு நிர்வாக ஏற்பாடு. டெக்சாஸின் புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்கிய தமிழர்கள் பலரும் அதற்கான பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் அது என்னவென்று தெரியாமலே.

மட் டாக்ஸைத்தான் சொல்கிறேன். டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே இருக்கிற நிலத்தில் என்ன கட்டலாம், எங்கே கட்டலாம் என்று வகுக்கும் அதிகாரம் கவுண்டிகளுக்குப் பெரும்பாலும் இல்லை. ஒரு பில்டர் பண்ணை நிலத்தை வாங்குகிறார். அங்கே தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் கிடையாது. பக்கத்து நகரம் வந்து போட்டுத் தரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அனுமதியோடு அந்த நிலத்துக்கென்றே ஒரு தண்ணீர்-கழிவுநீர் மாவட்டத்தை உருவாக்கிக்கொள்ளலாம்; அதுதான் மட் (MUD, Municipal Utility District). அது கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். குழாய், வடிகால், சாலைக்குப் போட்ட செலவு பில்டருக்குத் திரும்பும். அந்தக் கடனை அடைப்பது வீடு வாங்குகிறவர்கள், வருடா வருடம், வீட்டு மதிப்பில் நூறு டாலருக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கில். உங்கள் வீடு மட்டுக்குள் இருந்தால், சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்: பள்ளி மாவட்டம், கவுண்டி, அதற்குக் கீழே ஒரு மட்டின் பெயரும் எண்ணும் இருக்கும். புதிய குடியிருப்புகள் பலவற்றில் மொத்தச் சொத்து வரி 2.5 சதவீதத்தைத் தாண்டுவது இதனால்தான்.

இந்த ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று கேட்டால், வீடு கிடைக்கிறது என்ற வகையில் நல்லது. வீட்டின் உண்மை விலையை முப்பது வருட வரிக்குள் மறைத்து வைக்கிறது என்ற வகையில் நல்லதல்ல. ஆனால் காஃப்மன், ஃபோர்ட் பெண்ட், மான்ட்கோமரி கவுண்டிகளின் வளர்ச்சி எண்களுக்குப் பின்னால் இது இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஹூஸ்டன் பக்கம் கதை கொஞ்சம் வேறு மாதிரி. மெட்ரோ 2010-ல் 59 லட்சம், 2020-ல் 71 லட்சம். தென்மேற்கே ஃபோர்ட் பெண்ட் கவுண்டி 5.85 லட்சத்திலிருந்து 8.23 லட்சமாக, 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. வடக்கே மான்ட்கோமரி 4.56-லிருந்து 6.20 லட்சம். ஃபோர்ட் பெண்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். ஷுகர் லேண்ட், மிசூரி சிட்டி, கேட்டியின் ஒரு பகுதி எல்லாம் அதில் சேரும். தெற்கே பிரசோரியா கவுண்டியின் பியர்லேண்டில்தான் நம் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு நிலம் வாங்கிய காலத்தில் அது ஊருக்கு வெளியே. இப்போது சுற்றிலும் வீடுகள். இந்தக் கவுண்டிகளெல்லாம் வளர்வது ஹாரிஸைக் காலி செய்துவிட்டு அல்ல. ஹாரிஸும் கூடவே வளர்கிறது. அது எப்படி என்று புரிய வேண்டுமென்றால், மக்கள்தொகை கூடுவதன் மூன்று வழிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓர் இடத்தில் ஆட்கள் கூடுவது மூன்றே வழிகளில்தான். இறப்பை விடப் பிறப்பு அதிகமாக இருக்கலாம். அமெரிக்காவின் மற்ற இடங்களிலிருந்து வருகிறவர்கள் போகிறவர்களை விட அதிகமாக இருக்கலாம். வெளிநாடுகளிலிருந்து வரலாம். ஹாரிஸ் கவுண்டியிலும் டாலஸ் கவுண்டியிலும் இரண்டாவது கணக்கு மைனஸ். உள்நாட்டுக் கணக்கில் அவை ஆண்டுதோறும் ஆட்களை இழக்கின்றன. போகிறவர்களில் பலர் போவது பக்கத்துக் கவுண்டிக்கு. அந்தக் குறையை ஈடுகட்டுவது பிறப்பும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும். விமானத்தில் வந்திறங்கும் குடும்பம் முதலில் ஹூஸ்டனிலோ, டாலஸ் கவுண்டியின் இர்விங்கிலோ அபார்ட்மென்ட் எடுக்கிறது. நான்கைந்து வருடம் கழித்து, விசா நிலைமை கொஞ்சம் தெளிந்ததும், பிள்ளை பள்ளிக்குப் போகும் வயது வந்ததும், டாலஸுக்கு வடமேற்கே இருக்கிற டென்டன் கவுண்டிக்கோ, காலினுக்கோ, ஃபோர்ட் பெண்டுக்கோ வீடு வாங்கிக்கொண்டு போகிறது. ஹூஸ்டனில் இறங்கிய குடும்பம் என்றால், முதல் முறை ஹாரிஸின் வெளிநாட்டு வரவில் சேர்கிறது. இரண்டாம் முறை ஹாரிஸின் உள்நாட்டு இழப்பிலும் ஃபோர்ட் பெண்டின் உள்நாட்டு வரவிலும் சேர்கிறது. ஒரே குடும்பம்தான். "ஜனங்கள் ஹூஸ்டனை விட்டு ஓடுகிறார்கள்" என்று இதைப் படிப்பவர்கள் பாதிக் கதையைத்தான் படிக்கிறார்கள்.

மாநில அளவில் இந்த மூன்றின் விகிதம் சில ஆண்டுகளிலேயே தலைகீழாக மாறியதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையோடு முடிந்த ஆண்டில், அப்போது வெளியான மதிப்பீட்டின்படி, டெக்சாஸில் கூடியது சுமார் 4.7 லட்சம், அதில் 2.3 லட்சம் மற்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மிச்சம் பிறப்பும் வெளிநாட்டு வரவும், கிட்டத்தட்டச் சரிபாதியாக. 2024 ஜூலையோடு முடிந்த ஆண்டில் கூடியது 5.6 லட்சம்; அதில் மற்ற மாநிலங்களிலிருந்து வந்தது 85 ஆயிரம் மட்டும், வெளிநாட்டிலிருந்து 3.2 லட்சம், பிறப்பால் 1.6 லட்சம். கலிஃபோர்னியாவே டெக்சாஸுக்குப் பெட்டி கட்டுகிறது என்ற பேச்சு கொடிகட்டிப் பறந்த நாட்களிலேயே அந்த ஓட்டம் தணியத் தொடங்கிவிட்டது. வட்டி ஏறியது, டெக்சாஸ் வீடுகளும் விலை ஏறின, வித்தியாசம் சுருங்கியது. ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு வரவைக் கணக்கிடும் முறையைச் சென்சஸ் துறை 2024-ல் மாற்றியது, முந்தைய ஆண்டுகளின் எண்களையும் உயர்த்தித் திருத்தியது. அதனால் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட வேண்டுமானால் திருத்திய வரிசையைத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் உள்நாட்டு வரவு இறங்கிய கதை மாறாது.

ஆஸ்டின் மெட்ரோ சதவீதத்தில் நான்கிலும் முதல்: 17.2 லட்சத்திலிருந்து 22.8 லட்சம், 33 சதவீதம். ஆனால் அங்கேயும் வளையம் நகர்ந்துவிட்டது. வடக்கே வில்லியம்சன் கவுண்டி 44 சதவீதம் கூடியது. ஜார்ஜ்டவுன், லியாண்டர் எல்லாம் அதில்தான். தெற்கே ஹேஸ், அதற்கும் தெற்கே சான் அன்டோனியோ மெட்ரோவைச் சேர்ந்த காமல் கவுண்டி, 49 சதவீதம். I-35-ல் ஆஸ்டினிலிருந்து கைல், சான் மார்கோஸ், நியூ பிரான்ஃபெல்ஸ் என்று சான் அன்டோனியோ வரை ஓட்டிப் போனால் இரண்டு மெட்ரோக்களும் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்று கண்ணால் சொல்ல முடியாது.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. இந்தப் பகுதியில் பல வீடுகளும் குடியிருப்புகளும் குடிப்பது நிலத்தடி நீரை. ஹேஸ் கவுண்டியின் விம்பர்லியில் ஜேக்கப்ஸ் வெல் என்று ஓர் ஊற்று இருக்கிறது. பாறைக்குள்ளிருந்து நீலமாகத் தண்ணீர் பொங்கிவந்து ஓடையாகப் போகும், முன்பெல்லாம் கோடையில் குளிக்க வரிசையில் நிற்பார்கள். 2022-லும் 2023-லும் அதன் ஓட்டம் நின்றுபோனது. மழை பொய்த்தது ஒரு காரணம். ஆனால் அதே நீர்த்தளத்தில் மேலும் மேலும் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கியது இன்னொரு காரணம். 53 சதவீதம் என்ற எண்ணைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அந்த ஊற்றையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

முக்கோணத்துக்கு வெளியே இரண்டு இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. ஹிடால்கோ கவுண்டி தொண்ணூறுகளில் 48 சதவீதமும், அடுத்த பத்தாண்டில் 36 சதவீதமும் வளர்ந்தது. 2010-களில் 12 சதவீதம்தான். பிறப்பு விகிதம் இறங்கியது. படித்த இளைஞர்கள் சான் அன்டோனியோவுக்கும் ஹூஸ்டனுக்கும் போகிறார்கள். கூடவே, இந்த மாதிரி இடங்களில்தான் சென்சஸ் ஆட்களைத் தவறவிடும் வாய்ப்பும் அதிகம்: முறையான முகவரி இல்லாத குடியிருப்புகள், ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு சென்சஸ் துறையே நடத்திய சரிபார்ப்பில், டெக்சாஸில் 1.92 சதவீதம் பேர் விடுபட்டதாகத் தெரிந்தது, அதாவது ஐந்து லட்சத்துக்கும் மேல்.

இரண்டாவது, மேற்கே பெர்மியன் எண்ணெய்ப் பகுதி. மிட்லேண்ட் கவுண்டி 1.37 லட்சத்திலிருந்து 1.70 லட்சமாகக் கூடியது, 24 சதவீதம். பாலைவனத்தின் நடுவில் இவ்வளவு வளர்ச்சி என்றால் அது முழுக்க எண்ணெய் விலைதான். 2020 ஏப்ரலில் அந்த விலை பூஜ்யத்துக்குக் கீழே போனபோது மிட்லேண்டிலிருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள், விலை ஏறியதும் திரும்பினார்கள். அதே எண்ணெய் வயலின் மேல் இருக்கிற லவ்விங் கவுண்டியில் 2020 சென்சஸில் 64 பேர். எழுத்துப் பிழை இல்லை, அறுபத்து நான்கு. நாட்டிலேயே மிகச் சிறிய மக்கள்தொகை கொண்ட கவுண்டி. அங்கே பகலில் போனால் லாரிகளும் எண்ணெய்க் கிணறுகளும் தற்காலிக முகாம்களுமாக ஜேஜே என்று இருக்கும். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் சென்சஸில் பதிவாவது அவர்களின் சொந்த ஊரில். மக்கள்தொகை எண் என்பது யார் எங்கே உழைக்கிறார்கள் என்பதைச் சொல்லாது; வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லும்.

இனி நீங்கள் பார்த்த ஊர்கள். ஃபோர்ட் வொர்த்திலிருந்து அமரில்லோவுக்குப் போகும் 287 சாலையில் மெம்ஃபிஸ் என்று ஓர் ஊரைக் கடந்திருப்பீர்கள். ஹால் கவுண்டியின் தலைமையிடம். 1930-ல் அந்தக் கவுண்டியில் சுமார் 17 ஆயிரம் பேர். 2010-ல் 3,353. 2020-ல் 2,825. ஏதோ ஒரு பேரிடர் வந்து ஒரே நாளில் காலியானதல்ல. பருத்தியைக் கையால் எடுத்த காலத்தில் அத்தனை குடும்பங்களும் தேவைப்பட்டன. டிராக்டரும் பருத்தி எடுக்கும் எந்திரமும் வந்தபின் நூறு குடும்பம் செய்த வேலையை நாலைந்து குடும்பம் செய்தது. பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின. பள்ளி முடித்த பிள்ளைகள் லபக்குக்கோ ஃபோர்ட் வொர்த்துக்கோ போனார்கள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். எஞ்சியவர்களுக்கு வயதாகிவிட்டது. இப்போது அந்த மாதிரிக் கவுண்டிகளில் பிறப்பை விட இறப்பு அதிகம். அதனால் நாளையிலிருந்து ஒருவர்கூட ஊரை விட்டுப் போகாவிட்டாலும் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் போகும். தொழிற்சாலை ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அரசியல்வாதிகள் பேசும்போது இந்த வயதுக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

கிராமக் கவுண்டிகள் எல்லாமே அப்படி என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பகுதியில் கில்லெஸ்பி, லானோ போன்ற இடங்களிலும் பிறப்பை விட இறப்பு அதிகம்தான், ஆனால் ஓய்வு பெற்றவர்கள் வந்து குடியேறுவதால் கூடுகிறது. ஹன்ட்ஸ்வில் இருக்கிற வாக்கர் கவுண்டியில் மாநிலச் சிறைக் கைதிகளும் பல்கலைக்கழக மாணவர்களும் கணக்கில் சேர்வார்கள். அங்கே எண் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளூர்க் குடும்பங்களைப் பற்றி அது பெரிதாக எதுவும் சொல்லாது.

நீங்களே தொடர்ந்து கவனிக்க நினைத்தால், சென்சஸ் துறையின் மாநில மதிப்பீடு வழக்கமாக டிசம்பர் வாக்கிலும், கவுண்டி-மெட்ரோ மதிப்பீடு மார்ச்சிலும், நகரங்களுக்கானது மேயிலும் வரும். மார்ச் அட்டவணையைத்தான் நான் முதலில் திறப்பேன், ஏனென்றால் பிறப்பு-இறப்பு, உள்நாட்டு வரவு, வெளிநாட்டு வரவு மூன்றும் அதில் கவுண்டிவாரியாகத் தனித்தனியாக இருக்கும். நகரங்களின் மதிப்பீட்டில் அந்தப் பிரிவினை கிடையாது. எத்தனை வீடு கட்டப்பட்டது என்பதை வைத்துக் கவுண்டியின் எண்ணைப் பகிர்ந்து போடுவது அது. பிரின்ஸ்டன் மாதிரி ஊர்களின் சதவீதம் அவ்வளவு பெரிதாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரும் ஆண்டுகளில் நான் முதலில் பார்க்கப்போவது காஃப்மனையோ செலினாவையோ அல்ல, ஹாரிஸையும் டாலஸையும். வெளிநாட்டு வரவு சுருங்கினால் அந்த இரண்டு கவுண்டிகளிலும் உள்நாட்டு இழப்பை ஈடுகட்டப் பிறப்பு மட்டும்தான் மிஞ்சும். அது போதாமல் போனால், நான்கைந்து வருடம் கழித்து ஃபோர்ட் பெண்டிலும் டென்டனிலும் வீடு தேடி வருகிறவர்களின் வரிசையும் குறையும். மட் கடன்களையெல்லாம் வீடு விற்றுக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் அங்கே வீடு வாங்கும் யோசனையில் இருந்தால், அந்த மட்டில் திட்டமிட்ட வீடுகளில் எத்தனை கட்டி முடிந்திருக்கிறது, கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். விற்பவர் மட் பற்றிய அறிவிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.